தாழிகளும் தேதிகளும்

நாற்பது வருஷம் உழைத்து ஒருவன் சேகரித்ததை வைத்து அவன் சொன்ன முடிவுகள் தவறு என்று ஆகிவிட்டால், அந்த நாற்பது வருஷங்களை என்ன செய்வது? தூக்கி எறி என்பார்கள் சிலர். உழைப்புக்காவது மரியாதை செய் என்பார்கள் சிலர். இரண்டும் சோம்பேறிகளின் பதில்கள். முதலாமவர்களுக்குப் பார்க்கப் பொறுமையில்லை, இரண்டாமவர்களுக்குச் சொல்லத் துணிவில்லை. நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டிருப்பது ஜான் நோவெல் லிண்டன் மைர்ஸ் (1902–1989) என்ற ஆங்கிலேயரைப் பற்றி. ரோமானியர் போன பிறகு, இங்கிலாந்து என்று ஒரு நாடு உருவாவதற்கு முன்பு, அங்கே யார் எப்போது வந்து குடியேறினார்கள் என்பதைப் பானைகளைக் கொண்டு சொல்லிவிட முடியும் என்று நம்பிய சரித்திராசிரியர் அவர். கவிதைப் பத்திரிகையில் பானை ஆராய்ச்சிக்காரருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும்.

மைர்ஸிடம் நான் வந்து சேர்ந்தது தற்செயல். பி.ஏ. ஆங்கிலத்தில் எங்களுக்குப் பழைய ஆங்கிலம் என்பது ஐந்து மார்க் கேள்வி. பேவுல்ஃப் பற்றிச் சிறு குறிப்பு வரைக, அவ்வளவுதான். அந்த மொழியைப் பேசியவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எதில் சோறாக்கினார்கள், செத்தால் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் பாடத்திட்டத்துக்கு அப்பால். பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு பழைய புத்தகக் கடையில் மைர்ஸின் ‘தி இங்கிலிஷ் செட்டில்மென்ட்ஸ்’ (1986) அகப்பட்டது. அட்டை கிழிந்திருந்தது, விலை கேட்கும்படியாக இருந்தது. அந்தப் புத்தகத்தைவிட அதை எழுதிய ஆளின் சரித்திரம் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தந்தை ஆக்ஸ்ஃபோர்டில் பண்டைய சரித்திரப் பேராசிரியர். மகன் வின்செஸ்டரிலும் நியூ காலேஜிலும் படித்தார். கிரேக்க-லத்தீன் பாடத்தில் ஒரு முதல் வகுப்பு, சரித்திரத்தில் இன்னொன்று. மாணவராக இருக்கும்போதே நண்பர்களோடு வின்செஸ்டருக்கு வெளியே செயின்ட் காதரின்ஸ் குன்றைத் தோண்டினார். 1928 முதல் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில். ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலாந்து சரித்திர வரிசையின் முதல் தொகுதி 1936-இல் வந்தபோது அதன் கடைசிப் பகுதியை எழுதியவர் இவர். அப்போது வயது முப்பத்து மூன்று.

அந்தப் புத்தகத்தின் முன்பகுதியை எழுதியவர் ஆர்.ஜி. காலிங்வுட். கலைக்கொள்கை பற்றி அவர் 1938-இல் எழுதிய புத்தகத்தின் வழியாக நம்மில் சிலருக்கு அவர் பெயர் தெரியும். ரோமானிய பிரிட்டனின் கல்வெட்டுகளில் அவர் ஊறிப்போனவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஒரே அட்டைக்குள் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதைத் தவிர அதைக் கூட்டுப் படைப்பு என்று சொல்வதற்கில்லை. இரண்டு மனங்களும் முற்றிலும் வேறு. சரித்திரம் என்பது இறந்தவனின் எண்ணத்தை மறுபடி எண்ணிப் பார்ப்பது என்ற கொள்கைக்காரர் காலிங்வுட். ஆர்தர் என்ற அரசனைக் குதிரைப்படைத் தளபதியாக உருவகித்து அவனுக்குச் சரித்திரத்தில் ஓர் இடம் கொடுத்தவரும் அவர்தான். மைர்ஸோ, ஆர்தரைத் தேடிச் சரித்திராசிரியர்கள் வீணடித்த நேரம் போதும் என்று பிற்காலத்தில் எரிச்சலோடு எழுதியவர். கற்பனை ஒரு பக்கம், அட்டைப்பெட்டி ஒரு பக்கம். இதை வைத்து அட்டைப்பெட்டியின் கட்சிதான் ஜெயித்தது என்று யாராவது நினைத்தால் அவசரப்படவேண்டாம்.

மைர்ஸின் பிரச்னை இது. ஐந்தாம் நூற்றாண்டின் பிரிட்டனைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சொற்பம். கில்டாஸ் என்ற துறவி ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒரு புலம்பல் இருக்கிறது. அதில் கோபம் இருக்கிறது, தேதிகள் இல்லை. பீட் 731-இல் தன் திருச்சபைச் சரித்திரத்தை முடித்தபோது கில்டாஸைப் பின்பற்றிக்கொண்டு, 449 என்ற வருஷத்தையும் ஆங்கிள், சாக்ஸன், ஜூட் என்ற மூன்று குலங்களையும் சேர்த்தார். சம்பவத்துக்கும் அவருக்கும் நடுவே ஏறக்குறைய முந்நூறு வருஷம். பள்ளிக்கூடப் புத்தகங்களின் இங்கிலாந்து இந்த 449-இல் தொடங்கிற்று. எழுத்து வாய் திறக்காத இடத்தில் மண்ணைப் பேசவைக்க முடியுமா என்று பார்த்தார் மைர்ஸ். கிழக்கு இங்கிலாந்தில், நார்ஃபோக்கிலும் லிங்கன்ஷயரிலும் யார்க்ஷயரின் கிழக்கிலும், வயல்களுக்குக் கீழே தாழிகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. வந்தவர்கள் தங்கள் பிணங்களை எரித்து, எலும்பைப் பொறுக்கிப் பானையில் போட்டுப் புதைத்தவர்கள். (நம் தாழிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை இந்த இடத்தில் வரும். வரவிடாமல் தடுப்பது நல்லது. அது வேறு காலம், வேறு சடங்கு.)

அந்தப் பானைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சக்கரத்தில் வனைந்தவை அல்ல, கையால் எழுப்பியவை. சூளையும் கிடையாது, திறந்த நெருப்பில் சுட்டது. கறுப்பும் பழுப்புமாக, ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்து நிற்கும். ஆனால் தோளிலும் வயிற்றிலும் அலங்காரம் நெரிபடும். உள்ளேயிருந்து விரலால் தள்ளி எழுப்பிய புடைப்புகள், கூரிய எதனாலோ கீறிய கோடுகள், வளைவுகள். கொம்பிலோ எலும்பிலோ செதுக்கிய சிறு அச்சுகளை ஈரக் களிமண்ணில் வரிசையாகப் பதித்த முத்திரைகள்: வட்டத்துக்குள் சிலுவை, ரோஜா இதழ், ஸ்வஸ்திகம், நெளியும் பாம்பு. அருங்காட்சியகங்களில் இவை வெகுநாள் மூலையில் கிடந்தன. ரோமானியரின் சிவப்புப் பளபளப்புக்குப் பக்கத்தில் இவற்றை எவன் பார்ப்பான்? மைர்ஸ் பார்த்தார். ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார், வரைந்தார், அட்டையில் எழுதினார். பிறகு கடல் தாண்டி ஜெர்மனியின் அருங்காட்சியகங்களிலும் அதையே செய்தார். எல்ப நதிக்கும் வேசர் நதிக்கும் இடைப்பட்ட நாட்டுத் தாழிகளுக்கு ஆல்ஃப்ரெட் பிளெட்கெ என்ற ஜெர்மானியர் ஒரு காலவரிசை போட்டிருந்தார். அவர் முதல் உலகப் போரில் இறந்து, புத்தகம் 1921-இல் வெளிவந்தது. அந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே இன்ன அலங்காரம் இன்ன காலம், ஆகவே இங்கே அதே அலங்காரத்தோடு வந்தவர்களும் அந்தக் காலம் என்று மைர்ஸ் கணக்குப் போட்டார்.

இதையெல்லாம் அவர் எப்போது செய்தார் என்பது எனக்கு முக்கியம். நான் வங்கியில் குமாஸ்தா. எழுதுவதற்கு எனக்கு வாய்ப்பது பிறர் ஓய்வெடுக்கும் நேரம். மைர்ஸ் போரின்போது உணவு அமைச்சகத்தில் பழம், காய்கறி சம்பந்தப்பட்ட இலாகாவின் தலைவர். 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்துக்குத் தலைமை நூலகராக நியமிக்கப்பட்டார். கட்டடப் பழுது, ஊழியர் சம்பளம், கமிட்டி, இன்னொரு கமிட்டி. தாழிகள் அவருக்கு மாலை நேரத்து வேலை. 1937-இல் ‘ஆன்டிக்விட்டி’ பத்திரிகையில் சில ஆங்கிலோ-சாக்ஸன் குயவர்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கும், எல்லாத் தாழிகளையும் வரைந்து திரட்டிய ‘கார்ப்பஸ்’ இரண்டு தொகுதிகளாக 1977-இல் அச்சேறியதற்கும் இடையே நாற்பது வருஷம். முழுநேர ஆராய்ச்சியாளருக்கு இது அவமானம். மாலை நேரத்துக்காரனுக்கு இது வெறும் கணக்கு.

நூலகர் வேலையை அவர் விட்ட விதத்தில் இந்தியாவின் நிழல் விழுகிறது. சமஸ்கிருதப் பேராசிரியர் மோனியர் வில்லியம்ஸ் இந்திய மன்னர்களிடமெல்லாம் பணம் திரட்டி 1880-களில் ஆக்ஸ்ஃபோர்டில் எழுப்பிய இந்தியன் இன்ஸ்டிட்யூட் கட்டடம் பாட்லியனுக்கு மிக அருகில் இருக்கிறது. அதைப் பல்கலைக்கழகம் தன் நிர்வாக அலுவலகங்களுக்காக எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தது. மைர்ஸ் எதிர்த்தார், தோற்றார், 1965-இல் ராஜினாமா செய்தார். இதைக் கேட்டு நாம் புல்லரித்துவிடக் கூடாது. அவர் சண்டை போட்டது சமஸ்கிருதத்துக்காக அல்ல. நூலகத்தின் இடம் அலுவலகத்துக்குப் போகக்கூடாது என்பதற்காக. அப்படியிருந்தும், ஒரு தீர்மானத்தில் தோற்றதற்காக நாற்காலியை விட்டு எழுந்து போனவர்களின் பட்டியல் எந்த நாட்டிலும் நீளமானது அல்ல. எழுந்து போனவர் தாழிகளிடம் போனார்.

1969-இல் ‘ஆங்கிலோ-சாக்ஸன் பானைகளும் இங்கிலாந்தின் குடியேற்றமும்’ வந்தது. மைர்ஸின் கோட்பாடு அதில் முழு உருவில் நிற்கிறது. நாரிச்சுக்குப் பக்கத்தில் கெய்ஸ்டர் என்ற ரோமானிய ஊர். அதன் மதிலுக்கு வெளியே ஒரு பெரிய தாழிக்காடு. அங்கேயுள்ள சில தாழிகள் நாலாம் நூற்றாண்டினவை என்றார் மைர்ஸ். அப்படியானால் ஜெர்மானியர் படையெடுத்து வந்தவர்கள் அல்லர். ரோமானிய ஆட்சி நடக்கும்போதே, ஊரைக் காக்கக் கூலிக்கு அழைத்துக் குடியமர்த்தப்பட்டவர்கள். இன்னொரு சான்றும் கொடுத்தார். ரோமானியச் சூளைகளில் சக்கரத்தில் வனைந்த சில பானைகளில் ஜெர்மானியர் விரும்பும் புடைப்புகளும் குழிகளும் இருக்கின்றன. வாங்க ஆள் இருந்ததால்தானே குயவன் அப்படிச் செய்தான் என்றார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ரசனையைக் கொண்டு மக்களையே கண்டுபிடித்துவிடும் தர்க்கம். விமர்சகன் எவனும் மயங்குவான்.

அது நிற்கவில்லை. அந்தப் புடைப்புகள் ரோமானியர் தங்கள் கண்ணாடி, உலோகப் பாத்திரங்களைப் பார்த்துச் செய்தவையே, அதற்கு ஜெர்மானியன் தேவையில்லை என்று 1980-ஐ ஒட்டிய வருஷங்களில் காட்டிவிட்டார்கள். நாலாம் நூற்றாண்டுத் தேதிகளும் நழுவின. நார்ஃபோக்கில் ஸ்பாங் ஹில் என்ற இடத்தை 1972 முதல் 1981 வரை முழுதாகத் தோண்டி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாழிகளை எடுத்தார்கள். அதன் கடைசி அறிக்கை 2013-இல் வந்தது. அதன்படி அந்த இடுகாடு தொடங்கியது ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில். அதாவது பீட் சொன்ன 449-க்கு முன்பு. மைர்ஸ் சொன்ன நாலாம் நூற்றாண்டுக்குப் பின்பு. பீட் பிந்திவிட்டார் என்பதில் மைர்ஸுக்குப் பாதி வெற்றி. ஆனால் ரோமானியரின் காவல்காரர்கள் என்ற அந்த அழகிய சித்திரம் போய்விட்டது. 1936-இல் தான் எழுதிய பகுதிக்கு மாற்றாக, அதே வரிசையில், ஐம்பது வருஷம் கழித்துத் தானே ஒரு புதுத் தொகுதி எழுதும் வினோத அதிர்ஷ்டம் அவருக்கு 1986-இல் கிடைத்தது. வெளிவந்தபோதே பழசு என்றார்கள். வயது எண்பத்து மூன்று. மூன்று வருஷத்தில் இறந்துபோனார்.

இங்கே தாமஸ் பிரௌனைக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. நாரிச் வைத்தியர். நார்ஃபோக்கில் ஓல்டு வால்சிங்கம் என்ற ஊர் வயலில் நாற்பது, ஐம்பது தாழிகள் கிடைத்ததைச் சாக்காக வைத்து 1658-இல் ‘ஹைட்ரியோடாஃபியா’ எழுதினார். ஆங்கில உரைநடையின் சிகரங்களில் ஒன்று என்று நாம் படித்தோம். அந்தத் தாழிகளை அவர் ரோமானியருடையவை என்று நினைத்தார். அவை சாக்ஸன் தாழிகள். புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்தே இன்று சொல்லிவிடலாம். பிரௌனின் அடித்தளமே தவறு. ஆனாலும் எழுத்து நிற்கிறது. ஏனென்றால் அவர் பேசியது மறதியைப் பற்றி. மறதிக்குத் தேதி தேவையில்லை. மைர்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் தேதியைப் பற்றித்தான் பேசினார். நடையும் நூலகரின் நடை. தெளிவானது, அதற்குமேல் ஒன்றுமில்லை. எனவே நடையழகைச் சொல்லி அவரைக் காப்பாற்ற வழியில்லை.

கோட்பாடு போனாலும் சேகரிப்பு நிற்கும், படங்கள் சாசுவதம், நாளை வருகிறவன் அவற்றைக் கொண்டு வேறு வீடு கட்டுவான் என்பது அவருக்காகச் சொல்லப்படும் சமாதானம். நானும் வெகுநாள் இதை நம்பினேன். நம்ப எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு; அதைக் கடைசியில் சொல்கிறேன். ‘கார்ப்பஸ்’ஸின் அமைப்பைப் பற்றி யோசித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. மைர்ஸ் தாழிகளை அடுக்கியிருப்பது அலங்காரத்தின்படி. புடைப்பு உள்ளவை ஒரு பக்கம். வளைவுக் கோடுகள் ஒரு பக்கம். முத்திரைகள் ஒரு பக்கம். ஒரே குழியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு தாழிகள் இதில் நூறு பக்கம் தள்ளிப் பிரிந்துபோகும். தாழிக்குள் என்ன இருந்தது என்பது பின்னுக்குப் போகும். கண் நேரே வெளிப்பக்கத்தில் விழுகிறது. எலும்பு, எலும்போடு எரிந்த சீப்பு, அடையாளத்துக்கு வைத்த பொம்மைக் கத்தரி, குட்டிச் சாமணம் எல்லாம் கொட்டிய பானைதான் நம் முன் நிற்கிறது. மைர்ஸ் மட்டும் குற்றவாளி அல்ல; அவருக்கு முன்பு தோண்டியவர்கள் பானையை வைத்துக்கொண்டு சாம்பலை எறிந்தார்கள். ஆனால் அந்த எறிதலை ஒரு முறையாக்கியவர் அவர். தேதி என்ற ஒரே கேள்வியை முன்வைத்து அடுக்கியதால் வேறு கேள்வி கேட்க வருகிறவனுக்கு அந்த அடுக்கு இடம் கொடுப்பதில்லை. கோட்பாடு முடிவுரையில் மட்டும் இல்லை, பக்க எண்ணிலேயே இருக்கிறது.

வேறு கேள்விகள் வந்தன. ஜூலியன் ரிச்சர்ட்ஸ் 1987-இல் எலும்பையும் பானையையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பானையின் உயரம் இறந்தவரின் வயதோடு சம்பந்தப்பட்டிருந்தது. குழந்தைக்குச் சிறிய பானை. வருஷத்தைச் சொல்வதாக மைர்ஸ் நினைத்த பானை, ஆளைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பின்னால் கேரத் பெரி என்பவர் தாழிகளின் உட்புறத்து அரிப்பைக் கவனித்தார். புளிக்கவைத்தால் ஏற்படும் அரிப்பு அது. பல தாழிகள் முதலில் வீட்டில் பியர் காய்ச்சிய பானைகள். சாவுக்கென்று செய்தவை அல்ல. எனக்கு இது பெரிய செய்தி. சடங்கின் கம்பீரத்தோடு நாம் பார்த்துக்கொண்டிருந்தது, அடுக்களையிலிருந்து தூக்கி வந்தது.

இன்னொன்று. மைர்ஸுக்குப் பின் வந்தவர்கள் குடியேற்றம் என்பதையே சந்தேகித்தார்கள். பெரிதாக யாரும் வரவில்லை, உள்ளூர்க்காரர்கள் நாகரிகம் மாற்றிக்கொண்டார்கள் என்றார்கள். 2022-இல் மரபணு ஆராய்ச்சி, கிழக்கு, தெற்கு இங்கிலாந்தில் அக்காலத்து மனிதர்களின் வம்சாவளியில் 76 சதவீதம் வரை கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்கிறது. ஆக, வந்தார்கள் என்று மைர்ஸ் சொன்னது சரி. ஆனால் எரிந்த எலும்பிலிருந்து மரபணு எடுக்க முடியாது. அவருடைய தாழிக்காரர்கள் அந்தக் கணக்கில் இல்லை. புதைக்கப்பட்டவர்கள்தான் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் மைர்ஸிடம் எது தேறும்? என் அபிப்பிராயத்தில் இரண்டு. ஒன்று, அந்த 1937 கட்டுரை. இந்த முத்திரையும் அந்த முத்திரையும் ஒரே அச்சு, ஒரே கை என்று வெவ்வேறு இடுகாடுகளில் கிடைத்த பானைகளைச் சேர்த்து, பெயர் தெரியாத ஒரு குயவரை நம் முன் நிறுத்தும் காரியத்தை அதில் தொடங்கினார். கிழக்கு ஆங்கிலியாவில் இல்லிங்டன்–லாக்ஃபோர்டு என்ற பட்டறையை நாம் அறிவது இந்த வழியில்தான். இது தேதி பார்க்கும் வேலையல்ல, கை பார்க்கும் வேலை. கையெழுத்தில்லாத கவிதையை இன்னாருடையது என்று சொல்வதற்குத் தேவைப்படும் அதே கண். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் ஏன் தேதியின் பின்னால் ஓடினார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டாவது, பார்பரா கிரீனோடு சேர்ந்து 1973-இல் அவர் வெளியிட்ட கெய்ஸ்டர் இடுகாட்டு அறிக்கை. தோண்டியவர் வேறொருவர், 1930-களில். குறிப்புகள் தேங்கிக் கிடந்தன. இதில் தாழிகள் குழி வரிசையில், தங்கள் உள்ளடக்கத்தோடு நிற்கின்றன. ‘கார்ப்பஸ்’ஸைவிட எல்லா விதத்திலும் உயர்ந்த புத்தகம் இது என்பேன், அதைச் சொல்வோர் குறைவு. ஒரு தாழிக்குள் விளையாட்டுக் காய்களும் ஆட்டின் கணுக்கால் எலும்புகளும் இருந்தன. அவற்றின் நடுவே மானின் கணுக்கால் எலும்பு ஒன்று. அதில் ரூன் எழுத்தில் ‘ரைஹன்’ என்று கீறியிருக்கிறது. மான் என்பதற்கான சொல் என்று படிக்கிறார்கள். இங்கிலாந்து மண்ணில் கிடைத்த ஜெர்மானிய எழுத்துகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. ஒரு மொழியின் இலக்கியம் தொடங்கும் இடம் என்று யாராவது கேட்டால் நான் பேவுல்ஃபைக் காட்டமாட்டேன். மானின் எலும்பின் மேல் மான் என்று எழுதிவைத்த இவனைக் காட்டுவேன். பானையை அலங்காரத்தின்படி அடுக்கியிருந்தால் இந்த எலும்பு ஓர் அடிக்குறிப்பு.

சொந்தக் காரணம் என்றேன். பன்னிரண்டு வருஷமாகப் புதுக்கவிதைகளிலிருந்து படிமங்களை அட்டைகளில் எழுதி வருகிறேன். மழை ஒரு கட்டு, கதவு ஒரு கட்டு, பறவை மூன்று கட்டு. ‘வகைப்படுத்துவது விமர்சனம் ஆகாது’ என்று ஒரு நண்பர் இந்தப் பக்கங்களிலேயே என்னைச் சாடியபோது, முடிவுகள் தவறானாலும் சேகரிப்பு நிற்கும் என்றுதான் பதில் எழுத நினைத்தேன். பதில் எழுதுமுன் அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். பறவைக் கட்டில் இருநூற்றுச் சொச்சம். பாதிக்கு மேல் கவிஞர் பெயரும் வருஷமும் மட்டும் இருக்கின்றன. எந்தக் கவிதை, அதில் முன்வரி என்ன, பின்வரி என்ன என்று எழுதவில்லை. பழைய இதழ்களில் பாதி என்னிடம் இல்லை. இருப்பவற்றை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை முப்பத்தொரு பறவைகளுக்குக் கவிதை அகப்பட்டிருக்கிறது.